ஜஸீலின் மான்

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. உடைக்கிறவனுக்குப் புண்ணியம், பிள்ளையாருக்குத் தேங்காய், வழியில் போகிறவர்களுக்குச் சில்லு. கடைக்காரன் ஒருத்தன்தான் யார் நினைப்பிலும் வராமல் போவான். கிருபாகரன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். பிள்ளையாருக்கு அவன் தேங்காய் உடைத்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பழமொழியை அவனுக்காகவே யாரோ முன்கூட்டிச் சொல்லிவைத்ததுபோல ஒரு காரியம் செய்தான். நல்ல மனதோடுதான் செய்தான். கெட்ட மனதோடு செய்திருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும்.

தேங்காய்க்குப் பதில் இங்கே ஒரு மான். மடுல்சீமை மலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு ஓடும் ஜஸீலின் பஸ்ஸில், டிரைவர் கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் சாயத்தில் தீட்டிய மான். ஓடுகிற மான்தான், ஆனால் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்க்கும். ஜஸீலின் வாப்பா பஸ் வாங்கிய காலத்தில், “நம்ம பஸ் ஆளைப் பாத்து நிக்கிற பஸ். மானும் திரும்பிப் பாக்கோணும்” என்று சொல்லி வரைவித்தது அது. ஒருமுறை பசறையில் ஒரு பேக்கரிக்காரன் அதே மானைத் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டான் என்பதற்காக மனிதர் கொழும்புவரை போய் அதை வர்த்தகக் குறியாகப் பதிந்துகொண்டு வந்தார். ஒற்றை பஸ்ஸுக்கு இவ்வளவு பவுசா என்று பசறைக் கடைத்தெருவே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

மான் பஸ்ஸின் நடைமுறை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், மேல் வளைவில் பஸ் தலைகாட்டியதும் துண்டையோ தலையில் போர்த்தும் கொங்காணியையோ தூக்கி ஆட்டுவார்கள். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு கீழ் வளைவுக்கு வருவதற்குள், தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடி வந்துவிட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியோ வயசாளியோ நேரத்துக்கு வந்துசேராவிட்டால் மான் பஸ் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தாலும் நிற்கும். மற்ற பஸ்கள் கை காட்டினாலும் நின்றால் உண்டு.

கிருபாகரன் அந்த மேட்டு லயத்துப் பிள்ளை. தாய் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்த வருஷங்களில் அவளுடைய தங்கை இருதயம்மாதான் அவனை வளர்த்தாள். சின்னம்மாவுக்கும் அவள் புருஷன் அந்தோனிக்கும் நிலக்ஷனா என்று ஒரு மகள் பிறந்த பிறகும், வீட்டில் முதல் தட்டு அவனுக்குத்தான். அவன் உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் போய்வந்த காலத்தில் எத்தனையோ காலைகளில் மான் பஸ் அவனுக்காகக் கீழ் வளைவில் நின்றிருக்கிறது. வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவரும் ஜஸீல் எட்டிப் பார்த்து, “மெதுவா வா மச்சான், வழுக்கி உழுந்துறாத” என்று கத்துவான். அப்படித்தான் அவர்கள் கூட்டாளிகளானார்கள்.

இப்போது கிருபாகரன் பதுளையில் ஒரு தனியார் நிலையத்தில் கணினி படிப்பிக்கிறான். அவன் செய்த ஆப்பின் பெயர் ‘எந்த வளைவு’. யோசனை எளிமையானது. மேலே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்; பஸ் வருமா வராதா என்று மழையில் நின்று சாக வேண்டும். அதனால், ஒரு வளைவில் பஸ்ஸைப் பார்த்தவர் தன் போனில் அந்த பஸ்ஸின் படத்தைத் தட்டிவிட்டால் போதும். சிக்னல் ஒரு கணம் கிடைத்தாலே அடுத்த வளைவில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். எழுத்தை வைத்தால் கொழுந்து பறிக்கிற பெரிய பெண்கள் பலருக்கும் உதவாது. ஆகவே ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதன் அடையாளத்தையே படமாக வைத்தான். இது நல்ல யோசனை. இதில் ஒரு குற்றமும் இல்லை.

“ஒங்க மானைப் போட்டுக்கவா மச்சான்?” என்று ஜஸீலிடம் கேட்கவும் செய்தான்.

“இதெல்லாம் ஒரு கேள்வியா? போட்டுக்க” என்றான் ஜஸீல். பளிச்சென்று வெயிலில் எடுத்த மானின் படத்தையும் அவனே அனுப்பிவைத்தான். கிருபாகரன் அதை அழகாக வரைந்தெடுத்தான்.

குற்றம் அதற்குப் பிறகு வந்தது. கிருபாகரனுக்குத் திறந்த மூல மென்பொருள் என்றால் ஒரு பக்தி. தான் கற்றதெல்லாம் முகம் தெரியாத யாரோ இலவசமாகக் கொடுத்த நிரல்களைப் பார்த்துத்தான் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். அதனால் தன் ஆப்பையும் ஊருக்குப் பொதுவில் வைத்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். என் பெயரை மட்டும் நீக்காதீர்கள். இதுதான் அவன் தேர்ந்த உரிமம். நிரலுக்கு அது சரி. ஆனால் அதை நிரலுக்கு மட்டும் என்று எழுதாமல், ‘இந்தக் கோப்புறையில் உள்ள அனைத்துக்கும்’ என்று எழுதினான். அந்தக் கோப்புறையில் மானும் இருந்தது.

எச்சரிக்க ஆள் இல்லாமலும் இல்லை. எந்த நாட்டிலோ இருந்த ஒருவர் அவன் நிரலை வைத்திருந்த இணையப் பக்கத்தில் மரியாதையாக ஒரு குறிப்புப் போட்டிருந்தார். இந்த மான் ஒரு வியாபாரத்தின் குறிபோலத் தெரிகிறது. நிரலை எல்லோருக்கும் கொடுப்பது வேறு, பிறர் குறியைக் கொடுப்பது வேறு. உரிமத்தில் இது அடங்காது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் சொந்தக்காரர் சங்கடப்படலாம். கிருபாகரனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இது என் சொந்தக் கூட்டாளியின் பஸ், எங்கள் மலையில் அப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டார்கள் என்று பதில் எழுதி, பேச்சை அத்தோடு மூடிவைத்தான். ஒரு வரிதான். சேர்த்திருக்கலாம். பிற்பாடு அந்த மனிதரின் குறிப்பை அவன் எத்தனை தடவை திறந்து படித்தான் என்பது அவனுக்கே தெரியும்.

ஒரு வருஷம் நல்லபடியாகப் போனது. பசறைச் சந்தைக்குப் போகிறவர்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள் எல்லோருடைய போனிலும் ‘எந்த வளைவு’ இருந்தது. மடுல்சீமைக்குப் போனால் யாராவது அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மனிதனுக்கு அது போதாதா? போதும். அதுதான் வினை.

பிறகு பெரகலப் பக்கத்து ஒரு போக்குவரத்துக் கம்பனி இந்தப் பாதையில் மினிபஸ் ஓட்ட அனுமதி வாங்கியது. வந்தவர்கள் முதலில் பஸ்ஸை விடவில்லை, ஆப்பை விட்டார்கள். கிருபாகரனின் நிரலை அப்படியே எடுத்து, ஆசனம் பதியும் வசதியைச் சேர்த்து, மற்றப் படங்களை நீக்கிவிட்டு மானை மட்டும் முகப்பில் வைத்தார்கள். லயம் லயமாகப் போய், பழையதன் புதிய பதிப்பு இது என்று சொல்லிப் போன்களில் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் மினிபஸ்கள் வந்தன. இரண்டின் முகத்திலும் மஞ்சள் மான். கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கும் அதே மான். ஆனால் அந்த பஸ்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டு ஆட்டினால் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். ஏச்சு மட்டும் ஜஸீலுக்கு வந்தது.

ஜஸீல் ஒரு மத்தியானம் நிலையத்துக்கே வந்துவிட்டான். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்தான். சத்தம் போட்டிருந்தால் கிருபாகரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கம்பனிக்குப் போனேன் மச்சான். எங்கட வாப்பா பதிஞ்ச மான், எப்பிடி நீங்க போடுவீங்கன்னு கேட்டேன். ஒரு தாளக் காட்டுறான். அதுல நீ எல்லாருக்கும் குடுத்ததா இருக்கு.”

“அது நிரலுக்கு மச்சான். புரோகிராமுக்கு.”

“எல்லாத்துக்கும்னு போட்டிருக்கே. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும், ஆனா அது வெளங்கிச்சு.”

கிருபாகரன் போனை எடுத்து, தான் எழுதிய அந்த வரியைத் திறந்து பார்த்தான்.

“நீ எங்கிட்ட கேட்டது ஒன்னு, ஊருக்குக் குடுத்தது ஒன்னு” என்றான் ஜஸீல். “போட்டுக்கவான்னு கேட்ட. குடுத்துறவான்னு கேக்கலியே.”

அன்று இரவுக்குள் கிருபாகரன் மானைத் தன் கோப்புறையிலிருந்து எடுத்தான். பஸ்களின் குறிகள் அவரவருக்கே சொந்தம், உரிமத்தில் அடங்கா என்று அந்த ஒரு வரியையும் சேர்த்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எடுத்தவன் கையில் பழைய பிரதி இருந்தது.

பெரகலக்குப் போய் அந்தக் கம்பனி முகாமையாளரையும் பார்த்தான். ஆள் தங்கமான மனிதர், தேநீர் வரவழைத்தார். “தம்பி, நீங்க குடுத்தீங்க, நாங்க எடுத்தோம். களவா எடுக்கலியே? நீங்க போட்ட கண்டிசன்படி ஒங்க பேரையும் மதிச்சுப் போட்டிருக்கோம். பாருங்க” என்று தன் போனை நீட்டினார். முகப்பில், மானின் காலடியிலேயே, தமிழில் பெரிதாக இருந்தது: ஆக்கம் பதுளை கிருபாகரன். மூலையில் பொடி எழுத்தில் போட்டாலும் உரிமத்துக்குப் போதும். அந்த மனிதர் தோட்டத்தை அறிந்தவர், எந்தப் பெயர் எங்கே செல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டைபோடப் போன இடத்தில், தன் பெயரை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் கிருபாகரனுக்கு ஒரு நொடி உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை நினைத்துத்தான் அவன் இன்றைக்கும் கூசுகிறான். பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

பதுளையில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் ஜஸீலை அழைத்துப் போனான். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: “பயப்படாதீங்க. தன்னோடது இல்லாத குறிய இவர் குடுத்திருக்கவே முடியாது. உரிமத்துல என்ன எழுதியிருந்தாலும் மான் ஜஸீலோடதுதான். கொழும்புல வழக்குப் போட்டா நிக்கும். ஆனா காலம் எடுக்கும்.” கிருபாகரனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. சட்டம் தன் தப்பைச் செல்லாது என்று சொல்லிவிட்டால், தப்பே நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. வழக்குப் போட்டார்கள். தவணை போனது, இன்னொரு தவணை வந்தது. மான்கள் மூன்றும் ஒரே பாதையில் ஓடிக்கொண்டிருந்தன.

ஐப்பசி மழையில் ஒரு காலை, நிலக்ஷனா போனில் அழுதாள். அந்தோனிச் சின்னப்பாவுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. கீழ் வளைவுவரை சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். பஸ் நிற்காமல் போய்விட்டது. அப்புறம் தோட்டத்து லொறி ஒன்று வரும்வரை அவரைத் தேயிலையோரம் படுக்கவைத்து, மழைக்குப் படங்குச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கிருபாகரன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார்; கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அந்தோனி, தோட்டத்துக் கோயிலில் பாட்டை முதலில் எடுத்துக் கொடுக்கிற மனிதர். இப்போது அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு ஓசை; அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னம்மா கட்டிலோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தாள். “எந்த பஸ் சின்னம்மா?” என்று கிருபாகரன் கேட்டான். “விடுய்யா. நடந்தது நடந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு அவள் ஜெபத்துக்குத் திரும்பிவிட்டாள். மினிபஸ்தான் என்பது அவனுக்குக் கேட்காமலே தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று அவன் நினைத்தான்.

கார்த்திகை பிறந்ததும் சின்னப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்து எடுக்க சின்னம்மா மட்டும் பதுளைக்கு வருவாள். எப்படி வருகிறாள் என்று கிருபாகரன் கேட்டதில்லை; மான் பஸ்ஸில்தான் வருவாள் என்று எண்ணிக்கொண்டான். ஒருநாள் அவளுக்குச் சொல்லாமல், அவனே முந்தின நாள் மடுல்சீமைக்குப் போய், கூட்டாளி ஒருவன் வீட்டில் தங்கி, காலையில் ஜஸீலின் பஸ்ஸில் ஏறினான். கீழ் வளைவில் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை.

பஸ் பாதி காலியாக இருந்தது. முன்பெல்லாம் மடுல்சீமையிலேயே நிற்க இடமிருக்காது. மேல் வளைவைத் தாண்டும்போது ஜஸீல் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து லயத்துப் பக்கம் பார்த்தான். ஒரு துணியும் ஆடவில்லை.

கீழ் வளைவில் பனிக்குள் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் கொங்காணி, கையில் மருந்துப் பை. சின்னம்மாதான். பஸ் நின்றது. அவள் அதன் முகத்தைப் பார்த்தாள், மானைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய், போங்கள் என்று கையை அசைத்தாள்.

ஜஸீல் எஞ்சினை நிறுத்தினான். ஹோர்ன் அடிக்கவில்லை. “வருவாங்க, இருப்போம்” என்று மட்டும் சொன்னான். அவன் வாப்பா காலத்திலிருந்து அந்த வளைவில் எவ்வளவோ பேருக்காக நின்ற பஸ்தான். வராத ஆளுக்காக அது நின்றதில்லை.

கிருபாகரன் இறங்கி ஓடினான். “சின்னம்மா, நான்தான். வாங்க, ஏறுங்க. இது நம்ம ஜஸீல் பஸ்ஸு. இதுதான் நெசமான மானு.”

“தெரியும்யா, ஜஸீல் தம்பி மொகம் தெரியுது” என்றாள் அவள். “ஆனா ஏற முடியலப்பா. அந்தப் படத்தக் கண்டாலே காலு நடுங்குது. நான் ஆட்டோவுல வந்துக்கிறேன். சொல்லி வச்சிருக்கேன்.”

“அன்னைக்கி நிக்காமப் போனது வேற பஸ்ஸு சின்னம்மா. பெரகலக் கம்பனிக்காரன். வழக்குப் போட்டிருக்கோம். ஜெயிச்சிருவோம்.”

“போடுங்க, போடுங்க. நல்லா இருக்கட்டும்.” அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவனிடம் சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாளும் வைத்திருந்தது, அவன் விடாமல் நின்றதால் வெளியே வந்துவிட்டது. “அன்னைக்கும் ஆட்டோ வந்துச்சுய்யா. வீட்டு வாசலுக்கே வந்து நின்னுச்சு. நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்.”

“ஏன் சின்னம்மா?”

“அதுக்குள்ள நம்ம நிலக்ஷனாப் பாப்பா போனப் பாத்துட்டா. மானு மேல் வளைவுக்கு வந்திருச்சும்மா, பஸ்ஸுன்னா அப்பாவ நீட்டிப் படுக்க வைக்கலாம்னா. நான் யோசிச்சேன். இப்பல்லாம் மானு நிக்கிறதில்லன்னு சனங்க பேசிக்கிட்டாங்களே, நிக்காமப் போயிருச்சுன்னா என்ன செய்றதுன்னு கேட்டேன். அவதான் படிச்சுக் காட்டுனா, இதுல நம்ம அண்ணன் பேரு போட்டிருக்கு, இது அண்ணனோடதுன்னு.” சின்னம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளியும் இல்லை. “மானு ஓடுனாலும் ஓடும், நம்ம புள்ள பேரு போட்டது நம்மள விட்டுட்டுப் போகாதுன்னு நெனச்சிட்டேன்யா. ஆட்டோக்காரன அனுப்பிட்டேன்.”

கீழேயிருந்து ஆட்டோ ஏறிவந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது. உரிமம் என்றும் நிபந்தனை என்றும், பெயரை நீக்காதீர்கள் என்று தானே கேட்டு எழுதிய வரியென்றும் எதைச் சொல்வது, அவளிடம் எந்த மொழியில் சொல்வது? ஜஸீலின் மானைப் பற்றி மட்டுமே இவ்வளவு காலமும் வருந்திக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது, நடுரோட்டில் அவனுக்குக் கண்ணீர் முட்டியது.

“அட, எதுக்குய்யா அழுவுற? நீயா ஓட்டுன அந்த பஸ்ஸ?” என்று சின்னம்மா அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினாள். “வெறும் வயித்தோட வந்திருப்ப. லயத்துக்குப் போயி, அடுப்புல ரொட்டி இருக்கு, சாப்புட்டுட்டு சின்னப்பா கூட கொஞ்ச நேரம் இரு. அவரு ஒன்னத்தான் தேடுறாரு. பேர சொல்லத்தான் வருதில்ல.”

ஆட்டோ போய்விட்டது. பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கிருபாகரன் கையை அசைத்து ஜஸீலைப் போகச் சொன்னான். பிறகு தேயிலைக்குள் இருந்த குறுக்குப் பாதையில் மேலே ஏறத் தொடங்கினான்.